மாலை ஏழு மணிக்கு மேல்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் வழியில், காடாம்புலியூரிலும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலும் முந்திரிக்கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கொட்டையின் வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் நடுவே கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் வெந்து உரிந்துவிடும். கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் சில மாதங்களில் விரல்நுனிகள் கறுத்துத் தடித்துப்போகும். குத்தவைத்தோ சப்பணமிட்டோ நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். கூலி எடைக்குத்தான். பட்டறையிலும் செய்வார்கள், வீட்டுத் திண்ணையிலும் செய்வார்கள். திண்ணையில் செய்யும்போது எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் வந்து சொல்வதில்லை. இதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி, பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தில், ஒரு வாளி 1,400 லிட்டர் மண் அள்ளும் பிரம்மாண்டமான பக்கெட் வீல் இயந்திரத்தை ஒருவர் கேபினில் உட்கார்ந்து நெம்புகோலால் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வேலைக்கு நிரந்தர ஊதியம் உண்டு. குடியிருப்பும் மருத்துவமனையும் ஓய்வுக்கால வருமானமும் உண்டு. இந்த இரண்டு வேலைகளில், மாலை ஏழு மணிக்கு மேல் பெண் செய்யக் கூடாது என்று இந்தியச் சட்டம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடிவாதமாகத் தடுத்துவைத்தது இரண்டாவதை. தோல் வேகும் வேலைக்குக் காட்டாத கரிசனத்தை நெம்புகோல் பிடிக்கும் வேலைக்குக் காட்டியது ஏன் என்பதிலிருந்துதான், ஆண்கள் நிறைந்த தொழிலில் பெண்களின் சமத்துவம் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆவது பிரிவு இரண்டு தடைகளை வைத்தது. நிலத்துக்கு அடியில் எந்தப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது ஒன்று. நிலத்துக்கு மேலே காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே வைக்கலாம் என்பது மற்றொன்று. அரசு விரும்பினால் இந்த நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எக்காரணம் கொண்டும் கூடாது. நெய்வேலியைப் பொறுத்தவரை முதல் தடைக்கு வேலையே இல்லை. அங்கே சுரங்கப்பாதை கிடையாது. மேல்மண்ணை அகற்றி வானம் பார்க்கத் தோண்டிய பள்ளம்தான். 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த நாளிலிருந்து அது அப்படித்தான். ஆகவே நெய்வேலிச் சுரங்கத்துக்குள் பெண் வராமல் போனதற்கு இருட்டுச் சுரங்கமோ மூச்சுமுட்டும் காற்றோ காரணமாக முடியாது. சட்டத்தளவில் எஞ்சியது ஏழு மணி என்ற ஒரே கோடு. அந்தக் கோடு எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரையே பிளந்து மேலே வந்துவிடும். மேல்மண்ணை அள்ளும் இயந்திரம், அதைக் கொண்டுபோகும் கன்வேயர், கொட்டும் ஸ்பிரெடர் எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். இப்படிப்பட்ட சுரங்கம் மூன்று ஷிஃப்டிலும் ஓடித்தான் ஆக வேண்டும். ஏழு மணிக்கு வெளியேற வேண்டியவர் இரண்டாம் ஷிஃப்டை முடிக்க முடியாது, இரவு ஷிஃப்டுக்கு வரவே முடியாது. சுழற்சியில் வர முடியாத ஒருவரை எந்த மேற்பார்வையாளரும் தன் ஷிஃப்ட் பட்டியலில் கேட்டு வாங்கமாட்டார். அவரை ஜெனரல் ஷிஃப்டில், அலுவலகத்தில், ஆய்வகத்தில், மருத்துவமனையில், பள்ளியில் உட்காரவைப்பார்கள். பெண்ணால் முடியாது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

இந்தத் தடை பெண்களின் நன்மைக்காகவே வந்தது என்பது வலுவான மறுப்பு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1842இல் இங்கிலாந்தில் சிறுவர்களையும் பெண்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது அதற்குப் பின்னால் உண்மையான கொடுமைகள் இருந்தன. இந்தியாவிலும் ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரி வயல்களில் கணவன் கரி வெட்ட, மனைவி அதைத் தொட்டியில் நிரப்பிச் சுமந்த காலம் இருந்தது. கைக்குழந்தையோடு உள்ளே இறங்கியவர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துத் தடை கேட்டவர்கள் மனிதநேயர்கள்தான். ஆனால் தடைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1929 விதிகளின்படி பெண்களைப் படிப்படியாக வெளியேற்றத் தொடங்கி 1937இல் முழுத்தடை வந்தது. வெளியேற்றிய பெண்களின் கூலியை ஈடுகட்ட ஆண்களின் கூலி உயரவில்லை. இருவர் சம்பாதித்த குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியம் மட்டும் மிஞ்சியது. பெண்கள் சுரங்கத்துக்கு வெளியே குறைந்த கூலிக்குக் கரி பொறுக்கவும் சுமக்கவும் போனார்கள். அடுத்து உலகப் போர் வந்தது, கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1943இல் அதே அரசு தடையை நீக்கிப் பெண்களை மறுபடி உள்ளே இறக்கியது. ஆறே ஆண்டுகளில் பெண்ணின் உடல் மாறிவிடவில்லை. போர் முடிந்து 1946இல் தடை திரும்பவும் வந்தது. தேவைப்பட்டபோது திறந்து, தேவை தீர்ந்ததும் மூடிய கதவைப் பாதுகாப்பு என்ற கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அந்தப் போர்க்கால நீக்கத்தைச் சட்டசபையில் விளக்க வேண்டிய நிலை, அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த அம்பேத்கருக்கு வந்தது. 1944 பிப்ரவரியில் நடந்த அந்த விவாதம் இன்றும் படிக்கத் தக்கது. இது நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடு என்று சொன்ன அவர், இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். உள்ளே இறங்கும் பெண்ணுக்கு ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனையாக்கப்பட்டிருக்கிறது. ஆண், பெண் வேறுபாடு பாராமல் சம வேலைக்குச் சம கூலி என்ற கொள்கை ஒரு தொழிலில் நிலைநாட்டப்படுவது இதுவே முதல்முறை என்றார். தடையை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்ற இரண்டு அணிகளுக்கும் நடுவே அவர் பிடித்த நூல் இதுதான்: வேலைக்கு வரும் பெண் எந்தக் கூலியில், எந்த நிலைமையில் வருகிறார்? பேறுகாலச் சலுகை உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் திறந்துவிட்டால் அது சுரண்டல். பதில் சொல்வதைத் தவிர்க்கவே மூடிவிட்டால் அதுவும் அநீதி. அரசியலமைப்பு இதே சிந்தனையைத்தான் வழிகாட்டு நெறிகளில் எழுதிவைத்தது. சம வேலைக்குச் சம ஊதியத்தை 39ஆவது பிரிவும், மனிதத்தன்மையுள்ள வேலை நிலைமையையும் பேறுகால உதவியையும் 42ஆவது பிரிவும் சொல்கின்றன. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சுரங்கச் சட்டம் வேலை நிலைமையைச் சரிசெய்யும் பொறுப்பை முதலாளியின் தலையில் முழுதாக ஏற்றாமல், பெண்ணை வெளியே நிறுத்தும் சுலபமான வழியையே தொடர்ந்தது.

அந்தச் சுலபத்துக்குப் பெண்கள் கொடுத்த விலையை அனுபவச் சான்று என்ற இடத்தில் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கத்தில் சர்தார், ஓவர்மேன், மேலாளர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கான தேர்வை எழுதக் குறிப்பிட்ட காலம் சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். நிலத்தடிச் சுரங்கத்துக்கும் செல்லுபடியாகும் முழுச் சான்றிதழுக்கு நிலத்தடி அனுபவம் தேவை. நிலத்தடியில் இறங்கத் தடை இருக்கும்போது பெண்ணுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? திறந்தவெளிக்கு மட்டுமான சான்றிதழ் கிடைத்தாலும், ஷிஃப்டில் நிற்காதவருக்குக் களம் தெரியாது என்று சொல்ல ஒரு காரணம் கையில் தயாராக இருக்கும். இத்தனையும் கல்லூரி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. வேலை கிடைக்காத படிப்பில் பெண்ணுக்கு எதற்கு இடம் என்று கல்லூரிகள் கதவடைத்தன. 1990களில் நாக்பூரில் சந்திராணி பிரசாத் வர்மா சுரங்கப் பொறியியல் பட்டம் படிக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஆகான்ஷா குமாரி ஜார்க்கண்டில் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தது 2021இல். அதைச் செய்தித்தாள்கள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் முதல் பெண், முதல் பெண் என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பது, ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வரவேண்டிய அனுபவம் வராமலே போனதற்கான சாட்சி. தடையை ஒரு அறிவிக்கையில் நீக்கிவிடலாம். இழந்த இருபது ஆண்டு அனுபவத்தை எந்த அறிவிக்கையாலும் திருப்பித் தர முடியாது.

இரவில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லையே என்பது அடுத்த மறுப்பு. இது வீட்டிலிருந்தும் வரும், நிர்வாகத்திலிருந்தும் வரும், தொழிற்சங்கத்திலிருந்தும் வரும். இதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே பதில் சொல்லிவிட்டது. தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த 66(1)(ஆ) பிரிவை, ஆர். வசந்தா தொடுத்த வழக்கில், அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் நீக்கியது. நீக்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. போக்குவரத்து, தனிக் கழிப்பறை, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு என்று நிர்வாகம் செய்ய வேண்டியவற்றை நிபந்தனைகளாக வைத்தது. 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மதுக்கூடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த பஞ்சாப் சட்டத்தை நீக்கியபோது, இதே திசையில் சிந்தித்தது. பெண்ணுக்கு ஆபத்து இருக்கிறது என்றால் ஆபத்தைக் குறைப்பது அரசின் வேலை, பெண்ணின் வேலை வாய்ப்பைக் குறைப்பது அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். தொழிற்சாலைக்கு இந்த வெளிச்சம் வந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் சுரங்கத்துக்கு வந்தது. ஆபத்து என்ற பேச்சில் இன்னொரு குறையும் உண்டு. 2020 ஜூலை 1ஆம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் உண்டு. பெண்ணை வெளியே வைத்ததால் உள்ளே இருந்த ஆணுக்குப் பாதுகாப்பு கூடிவிடவில்லை. அபாயம் மிக்க வேலை என்பது ஆணுக்கும் அபாயம்தான் என்பதை ஏற்றுக்கொள்ளும் நிர்வாகம்தான் பெண்ணுக்கும் ஏற்ற இடத்தை உருவாக்கும்.

2019 ஜனவரி இறுதியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மாலை 7 முதல் காலை 6 வரையும் பெண்களை வேலைக்கு வைக்கலாம்; நிலத்தடியில் பகல் நேரத்தில், தொடர்ந்து இருக்கத் தேவையில்லாத தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் வைக்கலாம். எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், தகுந்த வசதிகளும் பாதுகாப்பும் வேண்டும், ஒரு ஷிஃப்டில் குறைந்தது மூன்று பெண்கள் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே போய், எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளுக்கும் பெண்கள் உரியவர்கள் என்று 43ஆவது பிரிவில் எழுதுகிறது. இரவு வேலைக்கு மட்டும் சம்மதம் தேவை. பெண்களின் நிலத்தடி வேலையைத் தடைசெய்து 1935இல் இயற்றிய உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே 2024இல் ரத்துசெய்துவிட்டது. ஆக, காகிதத்தில் கோடு அழிந்துவிட்டது. ஆனால் மூன்று பெண்கள் என்ற நிபந்தனையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நோக்கம் சரியானதுதான். தனியாக ஒரு பெண் இரவு ஷிஃப்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு பிரிவில் இருப்பதே இரண்டு பெண்கள் என்றால் அவர்கள் இருவருமே இரவுக்கு வர முடியாது. மூன்று ஷிஃப்டிலும் மூவர் மூவராக வேண்டுமென்றால், வார விடுமுறை, மருத்துவ விடுப்பு, பேறுகால விடுப்பு எல்லாம் சேர்த்து ஒரே பிரிவுக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்களாவது வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிரண்டு பெண்களைச் சேர்த்து, ஆளுக்கொரு பிரிவுக்கு அனுப்பும் நிறுவனத்தில் இந்த எண்ணிக்கை எந்தக் காலத்திலும் சேராது. நிபந்தனையைக் காட்டியே பெண்களைப் பகலில் வைத்திருக்கலாம், சட்டத்தை மீறியதாகவும் ஆகாது. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, குழுவாக ஒரே பிரிவில் அமர்த்தினால் ஒழிய இந்தச் சட்டம் அவர்களுக்குப் பயன்படாது என்பதே என் வாதத்தின் மையம். சம்மதம் என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். கழிப்பறை அரை கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துக்கு மேலே இருக்கிறது என்றால், பூட்ஸும் பாதுகாப்புக் கச்சையும் ஆணின் அளவில்தான் கிடைக்கின்றன என்றால், ஷிஃப்ட் முடிந்து ஊருக்குத் திரும்ப வண்டி இல்லை என்றால், அங்கே சம்மதிக்க மறுக்கும் பெண்ணின் மறுப்பை விருப்பம் என்று பதிவுசெய்வது நியாயம் இல்லை. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டுமுகம் நகர்ந்துகொண்டே இருக்கும். கன்வேயரை நகர்த்தத் தெரிந்த நிறுவனத்துக்கு அதோடு சேர்த்துக் கழிப்பறையையும் நகர்த்தத் தெரியாமல் இருக்காது.

பெண்களே வரமாட்டார்கள் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பூருக்கும் ஊர்விட்டு ஊர் போய், விடுதியில் தங்கி, இரவு ஷிஃப்டும் பார்க்கிறார்கள். டாட்டா ஸ்டீல் 2019இல் ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் எல்லா ஷிஃப்டிலும் பெண்களை அமர்த்தத் தொடங்கி, பிறகு கனரக இயந்திரங்களை ஓட்டவும் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தபோது ஆள் கிடைக்காமல் போகவில்லை.

என்னால் எளிதில் கடந்துபோக முடியாத மறுப்பு ஒன்று உண்டு. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்கள் மூன்று தலைமுறையாக நிலத்தைக் கொடுத்தவை. நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளராகவே காலம் தள்ளுகிறார்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவி கிராமத்தில் கதிர் வாங்கும் நேரத்து நெற்பயிரில் என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியபோது எழுந்த கோபம் திடீரென்று வந்ததல்ல. வீட்டுக்கு ஒரு வேலை என்ற கோரிக்கையே நிறைவேறாத இடத்தில், அந்த ஒரு வேலையைப் பெண்ணுக்குக் கொடு என்பது ஏழைகளுக்குள் சண்டை மூட்டுவது ஆகாதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலி உண்மையானது. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நிலம் போனபோது அதோடு போனது பட்டாதாரரின் சொத்து மட்டுமல்ல. நாற்று நட்ட, களை எடுத்த, மாடு வளர்த்த, முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிய பெண்ணின் வேலையும் போனது. பட்டா ஆணின் பெயரில் இருந்ததால் இழப்பீடு அவர் கைக்குப் போயிற்று. வேலைக்கான உரிமையும் மகன் பெயருக்குப் போயிற்று. பெண் இழந்த வேலைக்கு ஒரு கணக்கேடும் இல்லை. நிலக்கரித் துறையே இந்த மனப்பாங்கை விதியாக வைத்திருந்தது. கோல் இந்தியா 2014இல் பெண் ஊழியர்களுக்கென்று ஒரு சிறப்பு விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தது. தாய் ஓய்வு பெற்றால் மகனுக்கு வேலை. மகளுக்கு என்று அதில் எழுதவில்லை. இறந்த ஊழியரின் மணமான மகளுக்கு வாரிசு வேலை மறுத்த விதியைச் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் 2016இல் செல்லாது என்றது. ஒரு பெண்ணின் வேலை என்பது குடும்பம் ஆணுக்கு மாற்றிக்கொடுக்கக்கூடிய சொத்து என்று நிறுவனமும் வீடும் சேர்ந்தே நம்பியிருக்கின்றன. ஆகவே வீட்டுக்கு ஒரு வேலை என்ற கோரிக்கையை எதிர்க்க வேண்டியதில்லை, விரிக்க வேண்டும். நிலத்தை நம்பிப் பிழைத்த ஒவ்வொருவரின் வேலையையும் இழப்பாகக் கணக்கிட்டால், கேட்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கை கூடும். ஆணும் பெண்ணும் ஒரே இடத்துக்கு மோதிக்கொள்வதற்குப் பதிலாக, இரண்டு இடத்தைச் சேர்ந்து கேட்கலாம். இதைப் போராட்டக் குழுக்களும் தொழிற்சங்கங்களும் செய்யவில்லை என்பதே என் வருத்தம். போராட்டத்தில் பெண்கள் முன்வரிசையில் உட்காருகிறார்கள், வேலைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

இனி செய்ய வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. என்.எல்.சி. ஆண்டுதோறும் ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்கிறது. அதில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கனரக இயந்திர இயக்குநர் ஆகிய பிரிவுகளில் சுற்றுவட்டாரப் பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுக்களாக எடுத்து, ஒரே சுரங்கத்தின் ஒரே பிரிவில் மூன்று ஷிஃப்டுக்கும் பழக்க வேண்டும். காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கம் வரை ஷிஃப்ட் நேரத்துக்குப் பேருந்து விட வேண்டும். ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்யும் பெண்களின் ஆண்டுகளையும் அனுபவமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் உள்ளகக் குழு அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பதைச் சுரங்க வாசலிலும் பம்ப் ஹவுஸிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நிறுவனத்தில் இத்தனை விழுக்காடு பெண்கள் என்று ஆண்டறிக்கையில் ஒற்றை எண் போட்டு முடித்துவிடக் கூடாது. அந்த எண்ணுக்குள் செவிலியரும் ஆசிரியையும் எழுத்தரும் எல்லோரும் கலந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை பெண்கள், என்ன பொறுப்பில், அதில் எத்தனை பேர் சர்தார், ஓவர்மேன் தேர்வுக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள் என்று தனித்தனியாக வெளியிட வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய தாள் அதுதான்.